குரல் தணியும் வீடுகள்

"வாயத் தொறந்தே பேச மாட்டேங்கிறாரு மேடம். எல்லாம் தொண்டைக்குள்ளயே நிக்குது."

மதுரையில் பேச்சுப் பயிற்சி அளிப்பது என் தொழில். பார்க்கின்சன் நோயாளியை அழைத்து வரும் வீட்டார் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். சொல்லும் விதத்தில் கவலை பாதி, குறை பாதி. நோயாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முகத்தில் அசைவு குறைந்திருக்கும். கண் இமைப்பதுகூட எப்போதாவதுதான். அவரிடம் திரும்பி, "உங்களுக்கு என்ன தோணுது ஐயா?" என்று கேட்பேன். "நான் எப்பவும் போலத்தான் பேசுறேன். இவங்களுக்குத்தான் காது சரியாக் கேக்கல" என்பார். அதைக் கேட்க நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவருடைய குரல் தணிந்திருப்பது உண்மை. அது தணிந்தது அவருக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மையை வீட்டாருக்குப் புரியவைத்துவிட்டால் என் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சிறிய பகுதி உண்டு. டோபமின் என்னும் ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அங்கே இருக்கின்றன. பார்க்கின்சன் நோயில் அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. டோபமின் குறையக் குறைய உடம்பின் அசைவுகள் அளவில் சுருங்குகின்றன. நடையில் எட்டு சுருங்கும். கையெழுத்து வரியின் கடைசிக்குப் போகும்போது எறும்பு அளவாகிவிடும். குரலும் அப்படியே. மூச்சு நெஞ்சின் மேல்பகுதியோடு நின்றுவிடும். குரல்நாண்கள் முழுசாகச் சேராமல் நடுவில் காற்று கசியும். நாக்கும் உதடும் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பாதியிலேயே திரும்பிவிடும். இதோடு சேர்ந்து இன்னொன்றும் நடக்கிறது. தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தனக்குத் தானே அளந்து பார்க்கும் கணக்கும் தவறிப்போகிறது. முள் நகர்ந்துபோன தராசில் நிறுக்கும் கடைக்காரர் முக்கால் கிலோவை ஒரு கிலோ என்று மனதார நம்பிக் கொடுப்பார்; கேட்டால் சத்தியம்கூடப் பண்ணுவார். என் நோயாளியும் அப்படித்தான். "சத்தமாப் பேசுங்க, சத்தமாப் பேசுங்க" என்று வீட்டில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாலும் பலன் இல்லாததற்குக் காரணம் இதுதான். அவர் கணக்கில் அவர் ஏற்கெனவே சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

அளந்து பார்த்தால் வித்தியாசம் எண்ணில் சிறியதாகத் தெரியும். வாயிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து அளக்கும்போது, இந்த நோயாளிகளின் குரல் அதே வயதுக்காரர்களின் குரலைவிடச் சராசரியாக 2 முதல் 4 டெசிபல் வரை குறைவாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நாலு டெசிபல்தானே என்று நினைக்கக் கூடாது. டெசிபல் கணக்கில் 4 குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மின்விசிறி ஓடும் கூடத்தில், அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில், டி.வி.யில் சீரியல் ஓடும்போது, அந்த நாலு டெசிபல்தான் அவர் சொன்னது காதில் விழுமா விழாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. நம் மொழியில் ஒற்றெழுத்து அழுத்தமாக விழவில்லை என்றால் பொருளே மாறிவிடும். பத்து, பட்டம், அக்கா என்று சொல்ல நாக்கு ஒரு கணம் முழுசாக அடைத்து நிற்க வேண்டும். பார்க்கின்சன் நோயாளியின் நாக்கு அந்த அடைப்புக்குப் போய்ச் சேருவதில்லை. பட்டம் 'படம்' போலக் கேட்கும். வங்கியில் பத்தாயிரம் என்று ஒருவர் சொன்னது கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு விளங்காமல், கடைசியில் பேரன் எழுதிக் காட்ட வேண்டியிருந்ததாம். அன்றோடு அவர் வங்கிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஏற்ற இறக்கம் போவது அதைவிடக் குடும்பத்தைப் பாதிக்கும். தட்டையான குரலில் வரும் 'சரி' கோபத்தில் சொன்ன 'சரி'யாகத்தான் கேட்கும். அசையாத முகமும் அதோடு சேர்ந்துகொண்டால், "என் மேல என்ன கோவம்னே தெரியல மேடம், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே இருக்காரு" என்று மனைவி என்னிடம் வந்து அழுவார். அவருக்குக் கோபம் ஒன்றும் இருக்காது. சொல்லப்போனால் அந்த மனைவி இல்லாமல் ஒரு வேளை மாத்திரைகூட அவரால் போட்டுக்கொள்ள முடியாது.

பேச்சு பாதிக்கப்படும் என்பது இன்றைக்குக் கண்டுபிடித்த செய்தி அல்ல. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரைப் பார்த்து எழுதிய சிறு நூலிலேயே, நோய் முற்றியவர்களின் பேச்சு விளங்காமல் போவதைக் குறித்து வைத்திருக்கிறார். 1978-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 200 நோயாளிகளைப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேருக்குக் குரலிலோ பேச்சிலோ கோளாறு இருந்தது. குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு இந்த நோய்க்குறிகள் இருப்பதாக மருத்துவர்கள் சொன்னது 1984-இல். அவருடைய பழைய தொலைக்காட்சிப் பேட்டிகளை எடுத்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். 26 வயதுக்கும் 39 வயதுக்கும் இடையில் அவர் பேசும் வேகம் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 39 வயது என்பது 1981. வாய்ச்சவடாலாலேயே எதிராளியைத் திணறடித்தவரின் பேச்சு, மருத்துவர் பெயர் சொல்வதற்கு முன்பே தளரத் தொடங்கிவிட்டது.

ஆனால் நம் ஊரில் மருத்துவரும் வீட்டாரும் பார்ப்பது கையைத்தான். கை நடுங்கினால் பயந்து ஓடி வருகிறார்கள். குரல் தணிந்தால் வயசாகிவிட்டது என்கிறார்கள். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். "அம்மா எப்பவுமே மெதுவாத்தான் பேசுவாங்க" என்று மகன் சொல்வார். வாழ்நாள் முழுக்கக் குரலை உயர்த்தாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணின் குரல் இன்னும் தணிந்தால் யாருக்குத் தெரியும்? என்னிடம் வரும் ஆண்கள் நோய் தொடங்கிய சில வருடங்களில் வருகிறார்கள் என்றால், பெண்கள் சாப்பாடு புரையேறத் தொடங்கிய பிறகுதான் வருகிறார்கள். அதுவும் புரையேறுவதற்காக வருகிறார்கள், குரலுக்காக அல்ல. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாத்திரை போட்டால் குரலும் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு. லெவோடோபா மாத்திரை கையிலும் காலிலும் செய்யும் வேலையைக் குரலில் அந்த அளவுக்குச் செய்வதில்லை. சிலருக்குக் கொஞ்சம் உதவும், பலருக்கு உதவாது. மூளைக்குள் மின்முனை பதிக்கும் அறுவை சிகிச்சையில் நடுக்கம் நன்றாகக் கட்டுப்படுகிறது. ஆனால் சிலருக்குப் பேச்சு அதன் பிறகு இன்னும் குழறும். அறுவை சிகிச்சைக்கு முன்பே இதை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் கறாராக இருப்பேன். குரலுக்கு இன்று இருக்கும் நல்ல வழி பயிற்சிதான்.

அந்தப் பயிற்சிக்கு ஒரு பெண்ணின் பெயர். 1980-களில் அமெரிக்காவின் அரிசோனாவில் லீ சில்வர்மேன் என்ற பார்க்கின்சன் நோயாளி இருந்தார். அவர் பேசுவது காதில் விழ வேண்டும், விளங்க வேண்டும் என்று அவர் குடும்பம் ஆசைப்பட்டது. பேச்சு நிபுணர் லொரெய்ன் ராமிக்கும் அவருடைய சகாக்களும் 1987-இல் உருவாக்கிய முறைக்கு அந்த அம்மாவின் பெயரையே வைத்தார்கள். எல்.எஸ்.வி.டி. என்று சுருக்கமாகச் சொல்வோம். வாரத்துக்கு நாலு நாள், நாலு வாரம், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம்; ஆக 16 அமர்வுகள். வீட்டிலும் தினம் பயிற்சி உண்டு. மாதம் முழுக்க நோயாளிக்குக் கொடுக்கும் கட்டளை ஒன்றே ஒன்று: சத்தமாக. மூச்சை இப்படி இழுங்கள், நாக்கை அப்படி வையுங்கள், வாயை அகலத் திறவுங்கள் என்று எதுவும் கிடையாது. ஒரே நேரத்தில் நாலு விஷயத்தில் கவனம் வைப்பது இந்த நோயில் கஷ்டம். சத்தத்தைப் பிடித்து இழுத்தால் மூச்சும் நாக்கும் வாயும் தாமாகவே பின்னால் வரும்.

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரைச் சொன்னால் இது நன்றாக விளங்கும். மேலூர்ப் பக்கத்துக்காரர். மனைவியும் இளைய மகனும் அழைத்து வந்திருந்தார்கள். என் மேஜையில் ஒலி அளக்கும் கருவி ஒன்று சின்ன ஸ்டாண்டில் நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஓரடி ஸ்கேல் சரியாக 30 சென்டிமீட்டர்; அதை அவர் உதட்டிலிருந்து கருவிவரை பிடித்து இடத்தைக் குறித்துக்கொண்டேன். ஊர், பேர், பிள்ளைகள் பற்றிப் பேச வைத்தேன். முள் 58, 59 என்று கீழேயே ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயா, இப்ப நீங்க கடைசி வண்டியில நிக்கிறீங்க. மாட்டுத்தாவணி. ஆளெல்லாம் ஏறியாச்சு. நீங்க பின் படிக்கட்டுல. டிரைவருக்குக் கேக்கணும்" என்றேன்.

கூன் போட்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். ஒரு கை தானாக மேலே போய்க் கம்பியைப் பிடிக்கிற மாதிரி நின்றது. "ரைட்! போலாம் போலாம்!" கருவி 82 காட்டியது.

அவர் மனைவி சந்தோஷப்படவில்லை. சட்டென்று கோபம்தான் வந்தது. "இம்புட்டுச் சத்தம் வருதுல்ல? வீட்ல மட்டும் ஏன் பேச மாட்டேங்கிறீக?"

நான் அவரைக் கையமர்த்திவிட்டு, "ஐயா, அம்மாகிட்ட ஒரு காபி கேளுங்க" என்றேன். "ஒரு காபி கொண்டா" என்றார். 59. கருவியை மனைவியின் பக்கம் திருப்பிக் காட்டினேன். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் அரை நிமிடம்கூட இல்லை. அவர் வேண்டுமென்று குறைக்கவில்லை என்பதை அந்த எண்கள் சொன்ன மாதிரி என்னால் வாயால் சொல்லியிருக்க முடியாது. பல வருடம் படிக்கட்டில் நின்று கொடுத்த குரல் பழைய சூழலை நினைத்ததும் எழுந்துவிட்டது. காபிக்கு அப்படி உசுப்பிவிட எதுவும் இல்லை. தொண்டை பழுதில்லை என்று தெரிந்துவிட்டது. 'ரைட்'டுக்கு வந்த குரலைக் காபிக்கும் வரவைப்பதுதான் அடுத்த ஒரு மாத வேலை.

தொடங்குவதற்கு முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பிக் குரல்நாண்களைப் பார்க்கச் சொல்வேன். அங்கே கட்டியோ வேறு கோளாறோ இருக்கும்போது சத்தம் ஏற்றினால் கெடுதல். அதைப்போல மாத்திரை நேரமும் முக்கியம். மாத்திரை வேலை செய்து உடம்பு இலகுவாக இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வரச் சொல்வேன். பஸ் தாமதமாகி, மாத்திரையின் வீரியம் இறங்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரம் இருவருக்கும் பெரும் பாடு.

முதலில் 'ஆ'. நாற்காலியின் முன்விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலும் தரையில் பதிய, மூச்சை நிரப்பி, நல்ல சத்தமாக, முடிந்தவரை நீளமாக ஒரு 'ஆ'. நான் செய்து காட்டுவேன், அவர் செய்வார். இப்படி 12 முதல் 15 தடவை. பிறகு 'ஆ'வைக் கீழிருந்து மேலே ஏற்றுவது, மேலிருந்து கீழே இறக்குவது. கழுத்து நரம்பு புடைத்தாலோ, குரல் கரகரத்தாலோ உடனே நிறுத்துவேன். கத்துவது வேறு, திறந்த குரலில் சத்தமாகப் பேசுவது வேறு. அந்த வித்தியாசம் பயிற்சியாளரின் காதுக்குத் தெரிய வேண்டும். யூடியூபைப் பார்த்து வீட்டில் தானாகவே கத்திப் பழகித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பத்து வாக்கியம். தினமும் வீட்டில் நிச்சயமாகச் சொல்லும் பத்து வாக்கியங்களை நோயாளியே எழுதிக்கொண்டு வர வேண்டும். மாதம் முழுக்க அதையே சத்தமாகச் சொல்லிப் பழகுவோம். இந்தக் காகிதத்தைப் படிக்கும்போது ஒரு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். 'பேப்பர் வந்துருச்சா?' 'மோட்டாரை நிறுத்து.' 'யாரு போன்ல?' பேரனின் பெயர். நாயின் பெயர். சிலரால் பத்தை நிரப்ப முடியாது. ஐந்தாறோடு நின்றுவிடுவார்கள். பேச்சைக் குறைத்துக் குறைத்து, தினமும் சொல்வதற்கென்று அவ்வளவுதான் மிச்சம் இருக்கும்.

ஓர் அம்மாவின் பட்டியல் எனக்கு மறக்காது. ஒன்பது வாக்கியங்கள் மற்றவர்களுக்கானவை: 'சாப்டியா?', 'பாத்துப் போ', 'வெளக்கு ஏத்தியாச்சா?' இப்படி. பத்தாவது காலியாக இருந்தது. "உங்களுக்கு என்ன வேணும்மா? அதச் சொல்லுங்க" என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்தார். பிறகு, "ராத்திரில என்னத் திருப்பிப் போடுங்கன்னு சொல்லணும்" என்றார்.

பார்க்கின்சன் நோயாளிக்குப் படுக்கையில் புரண்டு படுப்பது பெரிய கஷ்டம். இரவில் மாத்திரையின் வேலையும் தீர்ந்திருக்கும். இந்த அம்மா ஒரே பக்கமாகப் படுத்தபடி விடியும்வரை விழித்துக் கிடந்திருக்கிறார். கணவர் அதே அறையில், அடுத்த கட்டிலில்தான் தூங்குகிறார். கூப்பிட்டால் காதில் விழவில்லை. கணவர் நல்லவர், விழுந்திருந்தால் எழுந்திருப்பார். "கூப்பிட்டுப் பாத்தேன், அசந்து தூங்குறாரேன்னு விட்டுட்டேன்" என்றார் அந்த அம்மா. அந்த வாக்கியத்தை உட்கார்ந்து பழகி என்ன பயன்? என் அறையில் இருந்த பெஞ்சில் அவரைப் படுக்கவைத்தேன். விளக்கை அணைத்தேன். கணவரைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். "என்னங்க! திருப்பிப் போடுங்க!" முதல் தடவை அவர் தலை திரும்பவே இல்லை. திரும்பும்வரை சொன்னோம். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், "நேத்து ராத்திரி ரெண்டு தடவ எழுப்பிட்டா" என்று கணவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். நம் தொழிலில் வெற்றியை டெசிபலில் எழுதி வைக்கிறோம். அந்த அம்மாவின் கோப்பில் நான் அந்தத் தூக்கத்தைத்தான் எழுதி வைத்தேன்.

இரண்டாம் வாரம் தாண்டும்போது ஏறக்குறைய எல்லோரும் ஒரே புகாரைச் சொல்வார்கள். கண்டக்டரும் சொன்னார்: "கத்துற மாதிரி இருக்கும்மா. ரோட்ல போறவன் என்னடா இவன் சண்ட போடுறான்னு நெனப்பான்." இந்தப் புகாருக்காகவே நான் காத்திருப்பேன். பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன், போட்டுக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "இதா கத்துறது? இது சாதாரணமால்ல இருக்கு" என்றார். 'கத்துகிற மாதிரி' உள்ளுக்குள் தோன்றும் இடம்தான் மற்றவர்களுக்குச் சரியான சத்தம் என்பதை அவர் காதே அவருக்குச் சொல்லிவிட்டது. நான் நூறு தடவை சொல்வதைவிட அந்தப் பதிவு ஒரு தடவை சொல்வது பெரிது. அன்றிலிருந்து பயிற்சியின் போக்கே மாறும்.

பிறகு அறைக்கு வெளியே அனுப்புவேன். கீழே டீக்கடை இருக்கிறது. போய், "ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி" என்று சொல்லி வாங்கி வர வேண்டும். தெரிந்த ஆள்தானே என்று முகத்தைப் பார்த்தே டீயை ஆற்றிவிடக் கூடாது, காதில் விழுந்தால் மட்டும் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் கண்டிப்பான பரிசோதகர். பாய்லர் சத்தத்துக்கும் பாட்டுச் சத்தத்துக்கும் நடுவில் அந்த வாக்கியம் போய்ச் சேர வேண்டும். 'என்ன?' என்று அவர் ஒரு தடவை கேட்டுவிட்டால் அதைக் குறித்துக்கொள்வோம். மாதக் கடைசியில் கண்டக்டருக்கு அந்த 'என்ன?' வரவில்லை.

பயிற்சி எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. சிலருக்குச் சத்தத்தைவிட வேகம்தான் பிரச்சினை. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு ஓடும். கடைசிச் சொல்லே திரும்பத் திரும்ப வரும். அவர்களுக்குச் சொல்லுக்கொரு தடவை விரலால் மேஜையைத் தட்டிப் பேசக் கற்றுக்கொடுப்பேன். நினைவாற்றல் குறைந்தவர்களுக்கு என் அறையில் வந்த குரல் வீட்டு வாசலைத் தாண்டாது. அங்கே வீட்டாருக்குத்தான் பயிற்சி. பயிற்சியால் நல்ல குரலைப் பெற்றவரும் வீட்டில் தினம் செய்யும் பயிற்சியை விட்டுவிட்டால் குரல் மறுபடி உள்ளே போய்விடும். நோய் நிற்பதில்லை, பயிற்சியும் நிற்கக் கூடாது.

கேட்பவரின் காதையும் நான் விடுவதில்லை. எழுபது வயது கணவருக்கு எழுபதை நெருங்கும் மனைவி. "இவருக்குத்தான் குரல் வரல" என்று அவரும், "இவளுக்குத்தான் காது கேக்கல" என்று இவரும் வருடக்கணக்காகச் சண்டை போட்டிருப்பார்கள். காது பரிசோதனை செய்து பார்த்தால் இருவர் சொன்னதும் சரியாக இருந்ததுண்டு. ஒருவருக்குப் பயிற்சி, இன்னொருவருக்குக் காது கேட்கும் கருவி. பாதி வீட்டுச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

விழுங்குவதைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. பேசும் தசைகள்தான் விழுங்கவும் செய்கின்றன. வாயில் எச்சில் வழிகிறது என்பார்கள். எச்சில் அதிகம் சுரப்பதால் அல்ல, விழுங்கும் எண்ணிக்கை குறைவதால் அது வழிகிறது. உணவும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் போனால் நமக்கு இருமல் வரும். இவர்களில் பலருக்கு இருமலே வராமல் உள்ளே போய்விடும். அப்படி வரும் நிமோனியாதான் இந்த நோயில் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. நம் வீடுகளில் செம்பை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து தண்ணீர் குடிப்போம். சுத்தம் என்று சொல்லிக்கொடுத்த பழக்கம். விழுங்குவதில் சிரமம் உள்ள பார்க்கின்சன் நோயாளிக்கு அது ஆபத்து. தலை பின்னால் சாயும்போது தண்ணீர் வேகமாக இறங்கும், மூச்சுக்குழாயும் திறந்து கிடக்கும். டம்ளரை வாயில் வைத்து, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒவ்வொரு வாயாகக் குடிக்கச் சொல்கிறேன். "எச்சில் பண்ணிக் குடிக்கச் சொல்றீங்களே" என்று முகம் சுளித்த பாட்டிகள் உண்டு. அவர்களுக்கென்று ஒரு தனி டம்ளர் வைத்துவிடுங்கள், சங்கடம் தீர்ந்தது. நீர்க்க ஓடும் ரசத்தில் பருக்கை மிதக்கும் சாதம் இவர்களுக்குக் கஷ்டம். குழையப் பிசைந்த தயிர்சாதம் சுலபம். பொரி, வேர்க்கடலை, முறுக்கு வேண்டாம். சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம்.

வாரத்துக்கு நாலு நாள் என்றவுடன் உசிலம்பட்டிக்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் எழுந்துவிடுகிறார்கள். பஸ் செலவு, கூட வரும் மகனின் ஒரு நாள் கூலி, இதெல்லாம் எனக்கும் தெரியும். கொரோனா காலத்துக்குப் பிறகு வீடியோவில் செய்கிறோம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மெல்லப் பேசினாலும் போனே குரலை ஏற்றிச் சமப்படுத்தி அனுப்பிவிடும். எனக்கு எல்லாமே சத்தமாகத்தான் கேட்கும். அதனால் நோயாளியின் பக்கத்தில் இன்னொரு போனில் ஒலி அளக்கும் செயலியைப் போட்டு, ஓரடி ஸ்கேலால் தூரம் பார்த்து வைக்கச் சொல்கிறேன். பேத்தி அந்த எண்ணைப் படித்துச் சொல்வாள். பயிற்சியில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் தாத்தாக்கள் இன்னும் உற்சாகமாகக் குரல் கொடுக்கிறார்கள்.

எப்போதாவது ஒரு தடவை வந்து போனால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. இது என் பிடிவாதம் மட்டும் அல்ல. பிரிட்டனில் 388 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2024-இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. எல்.எஸ்.வி.டி. பெற்றவர்களின் குரல் சிரமம் மற்ற இரண்டு பிரிவினரைவிடக் குறைந்தது. அங்கே வழக்கமாகக் கொடுக்கும், அமர்வுகள் குறைந்த பேச்சுப் பயிற்சியைப் பெற்றவர்களுக்கும், எந்தப் பயிற்சியும் பெறாதவர்களுக்கும் அந்த அளவுகோலில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. தினமும் செய்யும் தீவிரம்தான் மருந்து. அரைகுறையாக எட்டு மாதம் இழுப்பதைவிட, வயல் வேலை இல்லாத ஒரு மாதத்தைப் பார்த்து முழுசாக ஒதுக்கிக்கொண்டு வாருங்கள் என்றே நான் சொல்கிறேன்.

நரம்பியல் மருத்துவர்களிடம் என் வேண்டுகோள்: முதல் லெவோடோபா சீட்டு எழுதும் அன்றே, கீழே இன்னொரு வரியாகப் பேச்சுப் பயிற்சி என்று எழுதுங்கள். குரல் நன்றாக இருக்கும்போது அனுப்பினால் எங்களால் செய்ய முடிவது, புரையேறத் தொடங்கிய பிறகு அனுப்பினால் முடிவதில்லை.

வீட்டாருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுப் பதில் எதிர்பார்க்காதீர்கள். பேசும்போது டி.வி.யை நிறுத்துங்கள், மிக்ஸியை நிறுத்துங்கள், எதிரே உட்காருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். கொஞ்சம் காத்திருந்தால் அவரே முடிப்பார். அவர் சார்பில் மருத்துவரிடம் நீங்களே எல்லாம் பேசிவிடாதீர்கள். 'சத்தமா' என்று அதட்டாமல், "எனக்குக் கேக்கலப்பா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேளுங்கள். வீட்டில் அம்மாவின் குரல் இரண்டு வருடத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று பழைய கல்யாண வீடியோவைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் அழைத்துப் போங்கள். பயிற்சி கொடுப்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா, பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பழக்கம் உள்ளவரா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதிவு எண்ணைக் கேட்டால் எந்த நல்ல பயிற்சியாளரும் கோபப்பட மாட்டார்.